மும்பையின் பனிக்காலமும் மூன்று வாசல்களும்

மும்பைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என வடநாட்டார் கேலி செய்வது வழக்கம். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ். அது 1962 ஜனவரி 22 அன்று பதிவானது. வழக்கமான ஜனவரி விடியற்காலை 16, 17 டிகிரியில் நிற்கும். தில்லியில் இருப்பவருக்கு அது குளிரே அன்று. ஆனால் பனிக்காலத்தை வெப்பமானி ஒன்றைக்கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. பகல் குறுகுகிறது, விடியல் தாமதிக்கிறது, காற்று அசையாமல் நிற்கிறது. உடம்பு வீட்டுக்குள் ஒடுங்க, அதனோடு மனமும் ஒடுங்குகிறது.

இந்த மனவாட்டத்துக்கு இன்று எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றே: வெளியே செல்லுங்கள், வெயிலில் நடங்கள். மருந்தில் பிழை இல்லை. ஆயினும் வெளியே என்றால் எங்கே, எந்தக் காற்றில், யாருடைய நிலத்தில் என்ற கேள்விகளை அந்த அறிவுரை எழுப்புவதில்லை. மும்பைத் தமிழரின் பழைய குடியிருப்புகளான மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மூன்றும் அக்கேள்விகளுக்கு மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

1. வாடையும் வாசலும்

வடக்கிலிருந்து வீசுவதால் அந்தக் காற்றுக்கு வாடை என்று பெயர். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த தமிழ் மரபு கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே ஒதுக்கியது. அகப்பாடல்களில் இப்பருவங்கள் பெரும்பாலும் பிரிவின் துயரத்தோடு சேர்ந்தே வருகின்றன. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை இதற்குத் தலைசிறந்த சான்று. 188 அடிகள் கொண்ட அப்பாடலில் அரசி அரண்மனைக்குள் தந்தத்தால் இழைத்த கட்டிலில் துயருற்றுக் கிடக்கிறாள். செவிலியர் தேற்றுகின்றனர், அவள் தேறவில்லை. அதே நள்ளிரவில் அரசன் பாசறையை விட்டு வெளியே வருகிறான். வாடையில் விளக்குகள் அலைய, தூறலினூடே நடந்து, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் கண்டு வருகிறான். நக்கீரர் மருத்துவம் பேச வரவில்லை. எனினும் குளிரின் துயரம் அடைபட்ட அறையில் ஒரு வகையாகவும், திறந்த வெளியில் பிறர்பொருட்டு நடக்கும்போது வேறு வகையாகவும் இருப்பதை அவர் அருகருகே வைத்துக் காட்டியிருக்கிறார்.

பிற்காலத் தமிழ்ச் சமூகம் இதனை நாட்காட்டியிலேயே ஏற்றிவைத்தது. மார்கழியில் விடியுமுன் எழ வேண்டும், நீராட வேண்டும், வாசல் தெளித்துக் கோலமிட வேண்டும், பாவை நோன்பும் வீதி பஜனையும் உண்டு. உடம்பு போர்வையை விட்டு எழ மறுக்கும் மாதத்திலேயே ஊர் முழுவதையும் தெருவுக்கு இழுத்துவரும் ஏற்பாடு இது. தனிமனிதரின் மன உறுதியை இது நம்பவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் விழுந்துவிட்டது என்பதே நம் வீட்டாரை எழுப்பப் போதுமானது.

மார்கழியைப் ‘பீடை மாதம்’ என்பது ‘பீடுடைய மாதம்’ என்பதன் திரிபு என்றொரு விளக்கம் ஆண்டுதோறும் பகிரப்படுகிறது. கேட்க இனிமையானது, ஆனால் பீடை என்பது வருத்தத்தைக் குறிக்கும் வடசொல்லாகிய பீடாவிலிருந்து வந்தது என்பதே சொல்வரலாற்றுக்குப் பொருந்தும். மக்கள் அம்மாதத்தை வருத்தத்தின் மாதம் என்று அறிந்தே அழைத்திருக்கலாம் என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. அந்த வருத்தத்துக்கு அவர்கள் மாற்றும் கண்டிருந்தனர் என்பதே கவனிக்கத் தக்கது.

இதனோடு பரவும் மற்றொரு செய்தி, மார்கழி விடியலில் ஓசோன் தரையை நெருங்கி வருவதால் கோலமிடுவோர்க்கு நலம் விளைகிறது என்பது. இது முற்றிலும் தவறு. தரைமட்ட ஓசோன் நுரையீரலுக்குக் கேடு செய்யும் மாசு. உண்மையான காரணம் எளிமையானது. 1984-இல் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் பருவஞ்சார் மனச்சோர்வை நோயாக வரையறுத்தனர். அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர். வெயில் மிகுந்த நாட்டிலிருந்து வந்தமையால் நியூயார்க் குளிர்காலம் தம்மை என்ன செய்கிறது என்பதைக் கண்டுகொண்டார். அந்நோய்க்கான ஒளிச் சிகிச்சையில் பயன்படும் விளக்கு வழக்கமாக 10,000 லக்ஸ் அளவு ஒளி தரும். வீட்டு அறையின் விளக்கொளி சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகலில் கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். விடியுமுன் வாசலுக்கு வந்தவர் சூரியன் எழும்போதும் வெளியிலேயே இருந்தார் என்பதுதான் மார்கழியின் மருத்துவம்.

19 டிகிரி அட்சரேகையில் இருக்கும் மும்பையில் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்தை ஒட்டியது. ஆகவே வடதுருவ நாடுகளின் கடுமையான நோய் இங்கு அரிது. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் நடைப்பயிற்சியோடு நிற்காமல் மருத்துவரைக் காண்பதே முறை.

2. முப்பத்தொன்பது நிமிட வெளிச்சம்

திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வந்த தொழிலாளிக்கு இந்நகரின் பனிக்காலம் ஏன் இருட்டாகத் தோன்றியிருக்கும் என்பதற்கு ஒரு கடிகாரக் கணக்கு உண்டு. ஜனவரி நடுவில் திருநெல்வேலியில் ஏறத்தாழ 6.40-க்குச் சூரியன் எழும், மும்பையிலோ 7.15 ஆகிவிடும். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வகுத்ததன் விளைவு இது.

அந்தத் திட்ட நேரம் 1906 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பம்பாய்க்கு எனத் தனி நேரம் இருந்தது. அது திட்ட நேரத்துக்கு 39 நிமிடம் பிந்தியது. பழைய பம்பாய் நேரப்படி பார்த்தால் ஜனவரியில் சூரியன் எழுவது 6.36-க்கு. அதாவது ஊரில் எந்த நேரத்துக்கு விடியுமோ, ஏறத்தாழ அதே நேரத்துக்குத்தான் இங்கும் விடிந்தது. 1906 ஜனவரித் தொடக்கத்தில் புதிய நேரத்தை எதிர்த்துப் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கிளர்ந்தனர். ஆலைச் சங்கு 39 நிமிடம் முந்தினால், குளிர்கால விடியலின் அத்தனை நிமிடங்களும் இருட்டிலே கழியும். நகரம் 1955 வரை தன் பழைய நேரத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது. காலைப் பணிக்கும் பள்ளிக்கும் இன்று இருட்டிலேயே கிளம்புவோர், அந்தப் பூசலில் தோற்ற தரப்பின் வழித்தோன்றல்கள்.

3. கொள்ளைநோயும் மாட்டுங்காவும்

பம்பாய்க்கு மிகக் கொடிய பனிக்காலத்தைக் கொண்டுவந்தது பிளேக். 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் அந்நோயை அடையாளம் கண்டார். அதன்பின் பல ஆண்டுகள் அது பனிக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்கியது. எலித்தெள்ளு மிதமான குளிரில் செழித்து, கடும் வெப்பத்தில் குறைவதே காரணம் என்பது 1905-க்குப் பின் நடந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. 1891-இல் 8.2 இலட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை 1901-இல் 7.8 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

தெள்ளின் பங்கை அறியுமுன், இருட்டும் ஈரமும் காற்றின்மையுமே நோயின் ஊற்று என அதிகாரிகள் நம்பினர். வீடுகளின் ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டனர். மக்களைத் திறந்தவெளி முகாம்களுக்கு வலிந்து அனுப்பினர். வெளியே செல் என்ற அறிவுரை அன்று ஆணையாகவே வந்தது; அதனை எதிர்த்து 1898 மார்ச்சில் கலவரமும் வெடித்தது. அதே ஆண்டில்தான் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சட்டத்தின் மூலம் உருவானது. நெரிசலான தெருக்களை அறுத்துச் சாலையிடுவதும், வடக்கே புதிய குடியிருப்புகளை அமைப்பதும் அதன் பணிகள். தாதர்–மாட்டுங்கா திட்டம் அதன் குழந்தை.

அவ்வறக்கட்டளையின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர், 1912-இல் பம்பாய் வீடுகளின் ஒளியையும் காற்றையும் பற்றி உரை நிகழ்த்தினார். அவர் வலியுறுத்திய விதி 63½ டிகிரி விதி எனப்படும். அறையின் சுவரடியிலிருந்து 63½ டிகிரிச் சாய்வில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது எதிர்க்கட்டடத்தில் முட்டாமல் வானத்தைத் தொட வேண்டும். எளிய கணக்கில், எதிரே உள்ள கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதி அளவாவது இடையில் வெற்றிடம் இருக்க வேண்டும். பிளேக் பற்றிய அவர்கள் கருத்து பிழைபட்டது. ஆயினும் அதிலிருந்து பிறந்த இந்த அளவுகோல் மனிதருக்கு எவ்வளவு வானம் வேண்டும் என்பதை எண்ணால் எழுதிவைத்தது.

தாதர் பார்சி குடியிருப்பை உருவாக்கிய பொறியாளர் மஞ்சர்ஜி எடுல்ஜி ஜோஷியின் பெயரைத் தாங்கும் ஐந்து தோட்டங்கள் மாட்டுங்காவின் ஓரத்தில் உள்ளன. 1920களிலும் 1930களிலும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்தோர், அவருள் பெரும்பாலோர் பிராமணர், இப்பகுதியின் மூன்று மாடி வீடுகளில் குடியேறினர். நிகில் ராவ் 2013-இல் வெளியிட்ட, வீடு உண்டு தோட்டம் இல்லை என்ற பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் அக்குடியேற்றத்தின் வரலாற்றை விரித்துரைக்கிறது. தனித்தோட்டம் இல்லாக் குறையைப் பொதுத்தோட்டமும் மரநிழல் சாலையும் ஈடுசெய்தன. பஜனை சமாஜங்கள் 1920களிலேயே தோன்றின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் வந்தது. சண்முகானந்த சபை 1952-இல் அமைந்தது. மார்கழி விடியலில் வீதி பஜனை செல்ல அகன்ற வீதியும், அதன்பின் நடந்து வர ஐந்து தோட்டங்களும் மாட்டுங்காவுக்கு வாய்த்தன. நாட்காட்டி ஊரிலிருந்து வந்தது. அதற்கான நிலத்தை அறக்கட்டளை முன்பே அளந்து வைத்திருந்தது.

4. தாராவியின் பொது வாசல்

மாட்டுங்காவிலிருந்து மத்திய இரயில் பாதையைக் கடந்து மேற்கே சென்றால் தாராவி. கோலி மீனவரின் சிற்றூராக இருந்த அச்சதுப்பு நிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து முஸ்லிம் தோல் வணிகரும், தொழிலாளராக ஆதிதிராவிடரும் வந்தனர். நாற்றமடிக்கும் தொழில்களை நகரம் தன் எல்லைக்கு அப்பால் தள்ளியது. அத்தொழிலாளர்க்கு ஓர் சொன்ன கோணம் எவராலும் அளக்கப்படவில்லை. ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டரில் இன்று வாழ்வோரின் எண்ணிக்கை 6 இலட்சம் முதல் 10 இலட்சம் வரை மதிப்பிடப்படுகிறது.

நார்வேயின் ரியூக்கான் நகரம் மலைப் பள்ளத்தாக்கில் இருப்பதால் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை அங்கு நேர்வெயில் விழுவதில்லை. 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, நகரச் சதுக்கத்தில் வெயிலை விழச் செய்தனர். தாராவியில் மலை இல்லை. ஆனால் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், இருபுறமும் அடுக்கடுக்காக எழுந்த வீடுகளுக்கிடையே, தரைத்தள வீட்டுக்கு உச்சிவேளையிலும் மின்விளக்கு வேண்டும். ரியூக்கானுக்கு அது ஆறு மாதம். இங்கு ஆண்டு முழுவதும்.

வாசல் என்ற சொல் வாயில் என்பதிலிருந்து வந்தது, இல்லத்தின் வாய். தாராவியின் பல வீடுகளுக்கு அந்த வாய் திறப்பது நேரே சந்துக்குள். கோலமிட ஒரு சாண் நிலமும் இல்லை. அதனால்தான் தைப்பொங்கலன்று தொண்ணூறு அடி சாலையில் நிகழ்வது வெறும் விழாக்காட்சி அன்று. ஆதிதிராவிட மகாஜன சங்கத்தின் கணேசர் கோயிலை ஒட்டிப் பெண்கள் சாலை நெடுகச் செங்கல் அடுப்புகளை மூட்டி, வரிசை வரிசையாகப் பானைகளை ஏற்றிப் பொங்கலிடுகின்றனர். பொங்கல் சூரியனுக்கு உரியது. சூரியன் தெரியும் இடத்தில் வைக்கப்பட வேண்டியது. வீட்டுக்கு வாசல் இல்லாதவர்கள் நகரத்தின் சாலையையே ஒரு நாள் தம் வாசலாக்கிக்கொள்கிறார்கள். தமிழகத்தின் எத்தனையோ ஊர்த்தெருக்களில் நடக்கவும் தடுக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர், பெருநகரின் முதன்மைச் சாலை ஒன்றில் அடுப்பு மூட்டி நிற்கிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

அந்த வாசலும் அடைபட்ட பனிக்காலம் ஒன்று உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரைச் சூறையாடிய கலவரங்களில் தாராவியும் எரிந்தது. இரண்டாம் கட்டம் ஜனவரி 6 முதல் 20 வரை நீடித்தது. பொங்கல் அந்நாட்களின் நடுவே வந்தது. ஊரடங்கின்போது வெளியே செல்வதே உயிருக்கு இடர். அதன்பின் தோன்றிய மொகல்லா குழுக்கள் கூட்டங்களோடு நிற்காமல், குடியிருப்போரையும் காவலரையும் மைதானத்துக்கு அழைத்துக் கிரிக்கெட் ஆட வைத்தன. அச்சம் வீட்டுக்குள் பேசித் தீர்வதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1994-இல் தாராவியின் விளிம்பில், மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. 37 ஏக்கர் கொண்ட அந்நிலம் அதற்கு முன் நகரின் குப்பைமேடு. குப்பை கொட்டிய இடத்தில் காடு வளர்க்க முடியும் என்பதற்கு இந்நகரமே சான்று.

5. செம்பூரின் காற்று

செம்பூரின் கதை வேறு. மாட்டுங்காவில் வளர்ந்த அடுத்த தலைமுறையினர் பலரும், 1950களுக்குப் பின் டிராம்பேயின் அணுசக்தி நிறுவனத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் பணிக்கு வந்த தமிழரும் இங்குக் குடியேறினர். மாட்டுங்காவை விடவும் விரிந்த வெளி, மரங்கள், சேடா நகரில் 108 படிகளுடைய திருச்செம்பூர் முருகன் கோயில். விடியலில் நடக்க இதைவிட என்ன வேண்டும் எனத் தோன்றும்.

ஆனால் நகரம் செம்பூருக்கு இரண்டு முகங்களை ஒரே ஆண்டில் கொடுத்தது. 1927-இல் இங்குக் கோல்ஃப் மைதானம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அருகே தேவ்னாரில் குப்பை கொட்டும் பணியும் தொடங்கியது. 1950களின் நடுவில் மாகுலில் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பேயில் அனல்மின் நிலையமும் வந்தன. பின்னர் உரத் தொழிற்சாலை வந்தது. செம்பூருக்கு ‘நச்சுக்கூடம்’ என்ற பொருளில் பட்டப்பெயரே வழங்கலாயிற்று.

பனிக்காலத்தில் இக்கேடு இரட்டிக்கிறது. கடற்காற்று வலுவிழந்து தாமதமாக வீசுகிறது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிகிறது. புகை மேலேறாமல் தங்குகிறது. 2016 ஜனவரி இறுதியில் தேவ்னார்க் குப்பைமேடு பற்றி எரிந்தபோது அப்புகை விண்வெளியிலிருந்தும் தெரிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முந்தைய மாதந்தான் மாகுல், செம்பூர்ப் பகுதியின் காற்று மக்கள் நலத்துக்கு அச்சுறுத்தல் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியிருந்தது. மார்கழி விடியல் நடைக்கு உகந்த பொழுது என்று முன்னோர் வகுத்தனர். காற்றின் தரம் கெட்ட நாட்களில் விடியற்காலை நடையைத் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் இன்று சொல்கின்றனர். இரண்டும் உண்மை, இடையில் மாறியது காற்று. ஆகவே செம்பூரில் நடப்பவர் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து, வெயில் ஏறிப் புகை கலைந்த பின் கிளம்புவதே அறிவுடைமை.

6. பாதி உயரம்

மாட்டுங்காவுக்கு வெளியும் காற்றும் இருந்தன. செம்பூருக்கு வெளி இருந்தது, காற்று கெட்டது. தாராவிக்கு வெளியே மறுக்கப்பட்டது. மூன்று இடத்திலும் பேசப்பட்ட மொழி ஒன்று, மாதம் ஒன்று, விடியல் ஒன்று. வேறுபட்டவை சாதியும் வர்க்கமும் அவற்றுக்கேற்பப் பங்கிடப்பட்ட நிலமும். ஆகையால் சோர்வுற்ற ஒருவரிடம் வெளியே நடந்து வா என்று சொல்வது போதாது. அவருடைய தெருவில் நடக்க இடம் இருக்கிறதா என்று கேட்பதும் அதே மருத்துவத்தின் பகுதி.

இக்கேள்வி இன்று பழங்கதை அன்று. 2022 நவம்பரில் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கான ஏலத்தை அதானி குழுமம் வென்றது. குடிசைக்கு மாற்றாகக் கட்டடம் வருவது தன்னளவில் நன்மையாகாது என்பதைச் செம்பூருக்கு அருகிலுள்ள கோவண்டியின் மறுவாழ்வுக் குடியிருப்புகள் காட்டிவிட்டன. அங்குள்ள நட்வர் பாரேக் வளாகத்தில் ஏழு மாடிக் கட்டடங்களுக்கிடையே சில இடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளிதான். அத்தகைய குடியிருப்புகளில் நடந்த ஆய்வு, வெளிச்சமும் காற்றோட்டமும் குன்றிய கீழ்த்தள வீடுகளில் காசநோய் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஏழு மாடியின் உயரம் 20 மீட்டருக்குக் குறையாது. 1912-ஆம் ஆண்டின் காலனிய அதிகாரி ஒருவரின் கணக்குப்படியே அங்கு 10 மீட்டர் வெற்றிடம் இருந்திருக்க வேண்டும்.

தாராவியில் எத்தனை மாடி எழும், எத்தனை சதுர அடி வீடு கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும் என்ற விவாதங்கள் நியாயமானவை. அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டியது இன்னொன்று: கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர்? அந்த இடைவெளியில்தான் தரைத்தள வீட்டுக் குழந்தையின் மேல் தை மாத வெயில் விழ வேண்டும். அங்கேதான் கோலமும் விழ வேண்டும். தொண்ணூறு அடி சாலையில் இன்று வரிசையாக நிற்கும் பொங்கல் பானைகளுக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும்.